காட்டைக் கணக்கெடுத்தோரும் காட்டை வெட்டியோரும்

சிலிம் ரிவர், துரோலாக், பேராங் வட்டாரங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மரம் என்றதும் நினைவுக்கு வருபவை பால்மரமும் செம்பனையுமே. இரண்டும் இம்மண்ணுக்குரியவை அல்ல. பால்மரத்தின் தாயகம் அமேசான் காடு; செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் முன்னோரைப் போலவே அவையும் கப்பலேறி வந்தவை. 1877ஆம் ஆண்டில், ரெசிடெண்ட் ஹியூ லோவின் காலத்தில், கோலகங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்படியாயின் அதற்கு முன் இங்கே நின்ற மரங்கள் எவை?

அதனைக் குறித்து வைத்தோர் சிலர் உளர். இத்தாலியப் பாதிரியார் ஸ்கோர்ட்டெகினி 1884 முதல் பேராக்கின் காடுகளில் அலைந்து செடிகொடிகளைத் திரட்டினார். 1886இல் கல்கத்தாவில் மறைந்தார். அதே காலத்தில், கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜார்ஜ் கிங்குக்காக ஹெர்மன் குன்ஸ்ட்லர் பேராக்கில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேகரித்தார். கிங் 1889இல் வெளியிடத் தொடங்கிய மலாயாத் தாவர நூல்வரிசைக்கு இவை அடிப்படையாயின. இந்த உழைப்பைப் போற்றத்தான் வேண்டும். ஆயினும் அது அறிவியலுக்கான கணக்கெடுப்பு. எந்தக் காட்டை விட்டுவைப்பது என்று முடிவு செய்ய அதனை எவரும் பயன்படுத்தவில்லை.

வெட்டிய கைகளில் நம்மவருடையவையும் உண்டு. காட்டைச் சாய்த்து, காயவிட்டு, எரித்து, கன்று நட்டனர். அதன்பின் தரையில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது துரைமார்களின் கட்டளை. நாள்தோறும் களை கொத்திய பெண்களின் உழைப்பு நிலத்தை அழகாக்கியது. ஆனால், போர்வை இழந்த சரிவுகளிலிருந்து மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. இக்கேட்டினை உணர்ந்த பின்னரே, மரவரிசைகளுக்கு இடையே நிலத்தை மூடும் அவரையினக் கொடிகளைப் படரவிடும் வழக்கம் பரவியது.

ஈயச்சுரங்கங்கள் செய்த சேதம் இதனினும் கொடிது. மண்ணை அலசி ஈயத்தை எடுத்த பின் எஞ்சியது வெறும் வெண்மணல். அதில் நீர் தங்காது, சத்தும் இராது. தைப்பிங்கில் கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள் 1880களில் ஏரிப் பூங்காவாக மாற்றப்பட்டன. 1884இல் அங்கு நடப்பட்டவை தூங்குமூஞ்சி மரங்கள். அழகுதான், எனினும் அவையும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவையே.

உள்நாட்டு மரங்களைக் கொண்டே காட்டை மீட்க முடியுமா என்னும் சோதனை கெப்போங்கில்தான் பெரிய அளவில் நடந்தது. 1920களில் ஃபாக்ஸ்வொர்தி என்னும் வன ஆய்வாளர், ஈயம் தோண்டிப் பாழ்பட்ட நிலத்தை ஆய்வு நிலையத்திற்குத் தேர்ந்தெடுத்தார். கப்பூர், மெராந்தி, கெருயிங் எனக் காட்டு மரங்கள் நடப்பட்டன. இன்று அங்கே செல்வோர் அதனை ஆதிகாலக் காடு என்றே எண்ணுவர். மனிதர் நட்ட அக்காடு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நமக்கு அண்மையில் உள்ள பீடோரிலும் அதே வன ஆய்வு நிறுவனம் ஈய மணலில் மரம் வளர்த்து வருகிறது. சுடும் மணலில் காட்டுக் கன்றை நேரடியாக நட்டால் கருகிவிடும். ஆகவே, விரைந்து வளரும் அக்கேசியா போன்றவற்றால் முதலில் நிழல் உண்டாக்கி, பின்னர் மெராவான் போன்ற உள்நாட்டு மரங்களை நடலாம்.

சட்டம் தாமதமாகவே வந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டாலும், 500 எக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காட்டை விளைநிலமாக்கும் முன் சுற்றுச்சூழல் பாதிப்பினை மதிப்பிட்டாக வேண்டும் என்னும் ஆணை 1987இல்தான் பிறந்தது. அதற்குள் நம் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டைக் கண்டுவிட்டன.

வெட்டுவதற்கு முன் கணக்கெடுப்பது ஏன் இத்துணை இன்றியமையாதது? மெராந்தி, கெருயிங் இன மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே காடு முழுவதும் ஒருங்கே பூத்துக் காய்க்கும். விதைகளையும் நெல்லைப் போலச் சேமித்து வைக்க இயலாது. சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே தாய்மரம் எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்து, காய்க்கும் பருவத்தில் அங்கே சென்று, உதிர்ந்த விதையைப் பொறுக்கி உடனே நாற்றங்காலில் இட்டாக வேண்டும். தாய்மரம் வீழ்ந்துவிட்டால் அந்த வட்டாரத்திற்குரிய விதையும் அத்துடன் போயிற்று.