துணைவேந்தர் நாற்காலியும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

1992ஆம் ஆண்டு திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் துணைவேந்தராக வந்தார். அவர் வே. வசந்தி தேவி. பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1998 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2025 ஆகஸ்ட் 1 அன்று மறைந்தார். அவரைப் போற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் கேட்க விரும்புவது ஒரு கேள்வி: அவர் உட்கார்ந்த நாற்காலி ஒரு பட்டியல் சாதிப் பெண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா?

வசந்தி தேவி 1938இல் திண்டுக்கல்லில் பிறந்தவர். சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரைச் செட்டியாரின் பேத்தி. வரலாறு படித்து, அரசுக் கல்லூரிகளில் வரலாறு கற்பித்து, கல்லூரி முதல்வராகி, துணைவேந்தரானார். அவருடைய உழைப்பையும் துணிவையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏறிய ஏணியின் முதல் படிகளை முந்தைய தலைமுறை போட்டுவைத்திருந்தது.

இதே கதையை இன்னும் பின்னால் போய்ப் பார்க்கலாம். இந்திய அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹன்சா மேத்தா. தந்தை பரோடா சமஸ்தானத்தின் திவான். 1949இல் பரோடா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இருபாலரும் படிக்கும் ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்பட்ட சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவரும் அவரே.

அதே சபையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். இந்தியாவின் முதல் பட்டியல் சாதிப் பெண் பட்டதாரி என்று அறியப்படுபவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது, ஆதிக்க சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். இருவரும் ஒரே சபையில் உட்கார்ந்து ஒரே அரசியல் சட்டத்தை உருவாக்கினார்கள். ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை கிடைத்தது. இன்னொருவருக்கு ஆய்வுக்கூடத்தின் மேசையே கிடைக்கவில்லை. 'முதல் பெண்' என்று வரலாறு எழுதும்போது இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வசந்தி தேவி துணைவேந்தராக இருந்த ஆண்டுகள் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் எரிந்த ஆண்டுகள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நொறுக்கியது. படிப்புச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டதாக அன்றே புகார் எழுந்தது. ஒரு தலித் குடும்பத்துக்குப் பட்டம் என்றால் என்ன என்பதை அடிக்க வந்தவர்களும் அறிந்தே இருந்தார்கள்.

பதவி முடிந்த பிறகு அவர் போன திசைதான் எங்களுக்கு முக்கியம். 2000இல் சுந்தர ராமசாமி அவருடன் நடத்திய உரையாடல் 'தமிழகத்தில் கல்வி' என்ற நூலாக வந்தது. 2002 முதல் 2005 வரை மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமைக் கல்வி கொண்டுசெல்லும் பணியில் நின்றார். கடைசிக் காலத்தில் அவர் திரும்பத் திரும்பப் பேசியது அரசுப் பள்ளியைக் காப்பது பற்றியும் பள்ளி மேலாண்மைக் குழு பற்றியும்தான். பல்கலைக்கழகத்தின் உச்சியைப் பார்த்தவர், அடித்தளம் ஊர்ப் பள்ளியில் இருக்கிறது என்று கண்டார்.

2016இல் ஆர்.கே. நகரில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் வேட்பாளராக நின்றார். எதிரில் முதலமைச்சர் ஜெயலலிதா. அவர் துணைவேந்தரானதும் மகளிர் ஆணையத் தலைவரானதும் ஜெயலலிதா ஆட்சியில்தான். வயது 77. கிடைத்தவை நான்காயிரத்தைச் சற்றுத் தாண்டிய வாக்குகள். தோற்பார் என்று தெரிந்தேதான் ஒரு முன்னாள் துணைவேந்தர் தலித் மக்கள் கட்சியின் கொடியைப் பிடித்தார். அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

அந்த ஆர்.கே. நகரின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகத்தான் கும்மிடிப்பூண்டி ரயில் எங்கள் பக்கம் வருகிறது. புதுவாயலைச் சுற்றியுள்ள காலனிப் பிள்ளைகளுக்குப் பொன்னேரி அரசுக் கல்லூரிதான் கைக்கெட்டும் கல்லூரி. அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தேர்வுக் கட்டணம் எவ்வளவு, ரிசல்ட் எப்போது, பட்டச் சான்றிதழ் எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் பல்கலைக்கழகம் முடிவு செய்பவை. சான்றிதழ் தாமதமானால் வசதியுள்ள வீட்டுப் பெண் காத்திருப்பாள். எங்கள் பெண் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே அந்த நாற்காலியில் யார் என்பது எங்கள் பிரச்சினையும்தான்.

இன்று தமிழ்நாட்டில் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, அரசா என்று வழக்கு நடக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. மாநில உரிமைக்கான போராட்டத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் நியமிக்கப்படுவது யார் என்று எந்தத் தரப்பும் பேசவில்லை. ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1998இல் சொல்லிவிட்டது. துணைவேந்தர் பதவி ஒற்றைப் பதவி. 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் 20 சதவீதமாக உள்ள பட்டியல் சாதியினருக்கு இந்தக் கதவைச் சட்டம் திறந்துவிடாது.

சட்டம் இல்லாமலும் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2020இல் ஜார்க்கண்டின் சிதோ கானு முர்மு பல்கலைக்கழகத்துக்கு ஆதிவாசிப் பெண்ணான பேராசிரியர் சோனாஜாரியா மின்ஸ் துணைவேந்தரானார். அப்போது வேந்தராக இருந்த ஆளுநர் திரௌபதி முர்மு. அவரும் ஆதிவாசிப் பெண். தேர்ந்தெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே தேர்வு அமைகிறது.

இங்கேதான் வசந்தி தேவி சுட்டிய பள்ளி மேலாண்மைக் குழு நமக்கு வழி காட்டுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம். புதுவாயல் பள்ளிக்கு இந்த விதி உண்டு. துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கு ஏன் இல்லை? பதவிக்கு இடஒதுக்கீடு முடியாது என்றால், தேடல் குழுவில் பட்டியல் சாதியினரும் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்யட்டும். ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் இதுவரை துணைவேந்தராக இருந்தவர்களின் பட்டியலைச் சமூகப் பிரிவோடும் பாலினத்தோடும் வெளியிடட்டும். வசந்தி தேவிக்கு அரசு செய்யக்கூடிய உருப்படியான அஞ்சலி இதுதான்.