மழைநீர் வடிகால் மீன்களின் உணவுப் பாதுகாப்பு

மழைநீர் வடிகால் மீன்கள் என்பன, நகரங்களில் மழைநீரை வெளியேற்றக் கட்டப்பட்ட கால்வாய்களிலும் மூடிய வடிகால்களிலும் வாழும், அல்லது வெள்ளத்தில் அவற்றுள் வந்து சேரும் மீன்கள் ஆகும். பல ஆசிய நகரங்களில் இவை தூண்டிலாலும் வலையாலும் பிடிக்கப்பட்டு உண்ணப்படுகின்றன. இவற்றை உண்பது பாதுகாப்பானதா என்பது வடிகாலில் கலக்கும் பொருட்கள், மீன் அங்கு வாழ்ந்த காலம், சமைக்கும் முறை, உண்ணும் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. நன்கு வேகவைத்தால் நோய்க்கிருமிகள் அழியும். ஆனால் பாதரசம் முதலிய நஞ்சுகள் சமைப்பதால் நீங்குவதில்லை. ஆகவே, சோதிக்கப்படாத வடிகால் மீனை வழக்கமான உணவாகக் கொள்வது தவிர்க்கத்தக்கது.

வடிகாலில் கலப்பவை

மழைநீர் தூய்மையானது என்னும் எண்ணம் சாலையில் ஓடிய நீருக்குப் பொருந்தாது. டயர் தேய்வதால் துத்தநாகமும், வாகனத் தடைப்பட்டைகளிலிருந்து செப்பும், பழைய வண்ணப்பூச்சுகளிலிருந்து ஈயமும் சாலைத் தூசியில் சேர்கின்றன. கசிந்த எண்ணெய், புகைக்கரியில் உள்ள பல்வளைய ஐதரோகார்பன்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியனவும் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை இவற்றை மொத்தமாக அடித்துச் செல்வதால், அந்நேரத்து நீரே மிகவும் மாசுற்றதாக இருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பின் கோகோ சால்மன் மீன்கள் திரளாக இறந்ததற்கு, டயரிலுள்ள வேதிப்பொருளிலிருந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் என்னும் சேர்மமே காரணம் என்று 2020இல் கண்டறியப்பட்டது.

கழிவுநீர்க் கலப்பு நகரத்துக்கு நகரம் வேறுபடும். கொல்கத்தா, இலண்டன் போன்ற பழைய நகரங்களின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. சிங்கப்பூரில் இரண்டும் தனித்தனி. அங்கு நிலப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை வடிகால்கள் வழியாக நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. சென்னையிலும் இவை தனித்தனியாகவே திட்டமிடப்பட்டன. எனினும் முறையற்ற இணைப்புகளால் வடிகால்களில் கழிவுநீர் ஓடுவது வழக்கமாகிவிட்டது. கோடையிலும் ஒரு வடிகாலில் நீர் ஓடுமாயின் அது பெரும்பாலும் மழைநீர் அன்று.

மீன் வாழ்வது நீரின் தூய்மைக்குச் சான்றாகுமா

"மீன் உயிரோடு இருக்கிறது, எனவே நீர் நல்லது" என்னும் வாதம் பரவலாகக் கூறப்படுகிறது. இது தவறானது. வடிகால்களில் நிலைத்து வாழ்பவை பெரும்பாலும் குறைந்த ஆக்சிசனைத் தாங்கும் இனங்களே. விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் துணைச் சுவாச உறுப்புகளால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கின்றன. ஜிலேபி எனப்படும் திலாப்பியா, நீரின் மேற்பரப்பில் உள்ள சிறிதளவு ஆக்சிசனைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். இம்மீன்கள் இருப்பது நீரின் தூய்மையை அன்று, அவற்றின் தாங்குதிறனையே காட்டுகிறது. கொழுத்த, சுறுசுறுப்பான மீனின் தசையிலும் பாதரசம் இருக்கலாம். நிறத்தையோ மணத்தையோ கொண்டு அதனை அறிய இயலாது.

சமைத்தலின் விளைவு

காலரா, சால்மொனெல்லா முதலிய நோய்களின் பாக்டீரியாக்களும் மீனில் உள்ள புழுக்களும் முழுமையாக வேகவைத்தால் இறந்துவிடும். மீனின் உட்பகுதி 63 பாகை செல்சியசை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. பச்சை மீன் உண்ணும் வழக்கமுள்ள வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோசிலும் கல்லீரல் தட்டைப்புழு பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாக உள்ளது. குழம்பாகக் கொதிக்கவைத்து உண்போருக்கு இவ்வகை இடர் மிகக் குறைவு. சமைக்கும்முன் மீனை அரியும் கைகள், பலகை, கத்தி வழியாகவே கிருமிகள் பிற உணவுக்குப் பரவுகின்றன.

வேதிப்பொருட்களின் நிலை வேறு. மெத்தில் பாதரசம் தசைப் புரதத்துடன் பிணைந்திருப்பதால் பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் நீங்காது. நீர் வற்றுவதால் ஒரு கிராம் கறியில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். பிற மீன்களை உண்ணும் விராலிலும் பெரிய கெளுத்தியிலும் இது மிகுதியாகச் சேரும். இது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. எனவே கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் வடிகால் மீனை முற்றிலும் தவிர்ப்பதே நன்று. ஈயமும் காட்மியமும் தசையைவிடக் கல்லீரல், சிறுநீரகம், செவுள், எலும்பு ஆகியவற்றில் கூடுதலாகப் படிகின்றன. மீன் தசையில் ஈயத்துக்குப் பன்னாட்டு உணவு நெறிமுறைக் குழு வகுத்த உச்ச அளவு கிலோகிராமுக்கு 0.3 மில்லிகிராம். பிசிபி போன்ற குளோரின் சேர்மங்கள் கொழுப்பில் தங்குவதால், தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சுட்டால் ஓரளவு குறையும்.

பிடித்த மீனைச் சில நாட்கள் நல்ல நீரில் விட்டுவைக்கும் வழக்கம் குடலையும் சேற்று வாடையையும் தூய்மையாக்கும். பாதரசம் வெளியேற மாதங்கள், ஆண்டுகள் ஆகும் என்பதால் அதற்கு இம்முறை பயன்படாது.

கழிவுநீர் மீன் வளர்ப்புடன் ஒப்பீடு

கழிவுநீரில் வளர்ந்த மீன் எல்லாம் நஞ்சு என்றும் கூறிவிட முடியாது. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்புடையவை. அங்குள்ள 'பேரி' எனப்படும் ஆழமற்ற குளங்களில் நகரக் கழிவுநீர் அளவறிந்து விடப்படுகிறது. வெயிலும் பாசியும் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னரே மீன் வளர்க்கப்படுகிறது. இத்தகைய வளர்ப்புக்கு உலக சுகாதார அமைப்பு 2006இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொழிற்சாலைக் கழிவு கலந்தால் இம்முறையும் பாதுகாப்பை இழக்கும். வடிகாலில் நீரைத் தேக்கிவைத்தலோ கண்காணிப்போ இல்லை என்பதே முக்கிய வேறுபாடு.

வெள்ளக்கால மீன்கள்

ஏரிகள் நிரம்பி வழியும்போது கெண்டை, விரால் போன்றவை தெருக்களுக்கும் வடிகால்களுக்கும் வந்துவிடுகின்றன. இவை வடிகாலிலேயே வளர்ந்தவற்றைக் காட்டிலும் குறைவான நஞ்சைக் கொண்டிருக்கக்கூடும், அவை வாழ்ந்த ஏரி தூய்மையாக இருந்திருந்தால். ஆனால் பிடிபட்ட மீன் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. மேலும் வெள்ளம் புதிய மாசையும் கொண்டுவரும். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் தொழிலை முடக்கியது. எண்ணெய் வாடை வீசும் மீனை எம்முறையில் சமைத்தும் உண்ணலாகாது. அவ்வாடை இல்லாமையைப் பாதுகாப்புக்கு உறுதியாகக் கொள்ளவும் முடியாது.