வெள்ளமும் நெல்விலையும்

உடுவிலின் அயலே செல்லும் வழுக்கியாற்றில் மாரியில் மட்டுமே நீரோடும். அம்மாரியை நம்பியே நம் கமக்காரர் ஆவணி, புரட்டாதியில் நெல் விதைத்துத் தை, மாசியில் அரிவு வெட்டுவர். நம்பிய மழையே 1957 மார்கழியில் பகையாயிற்று. இலங்கையின் வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களில் குளங்கள் உடைப்பெடுத்தன, வயல்கள் மூழ்கின.

நெல்லுக்கு 1948 முதலே அரசாங்கம் உத்தரவாத விலை அளித்துவந்தது. ஆயினும் அழிந்த நெல்லுக்கு விலை ஏது? விளைச்சல் குன்றினால் சந்தையில் விலை ஏறும். விற்க நெல்லில்லாதவனுக்கு அதனாற் பயனில்லை. அவனே அரிசி வாங்கச் சந்தைக்குச் செல்வான், விதைநெல்லுக்கும் கடன்படுவான்.

1958இல் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1961இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. உத்தரவாத விலை விளைந்த நெல்லுக்கே உதவும். காப்புறுதியோ, விதைத்து இழந்தவனுக்கு மறுபோகம்வரை கைகொடுக்கும்.