காலியாகாத கதிரை

2013ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. எனது வளவு எல்லை வழக்குக்கு அன்று கல்முனையில் தவணை. எட்டரை மணிக்கே நீதிமன்ற வளாகத்துக்குப் போய்விட்டேன். எதிராளியும் வந்திருந்தார். எதிராளி என்றால் பக்கத்து வளவுக்காரர்தான். பள்ளியில் என்னோடு ஒரே சஃப்பில் நிற்பவர். சட்டத்தரணிகளைத்தான் காணவில்லை. நாடு முழுவதும் இரண்டு நாள் பணிப் பகிஷ்கரிப்பு என்றார்கள். வழக்கு மறு தவணைக்குப் போனது. நானும் அவரும் ஒரே முச்சக்கர வண்டியில் ஊர் திரும்பினோம்.

"பிரதம நீதியரசரையே ஒழுங்கா விசாரிக்காம வெளியேத்துறாங்க. நம்மட கதியாலுக்கு ஆரு காக்கா விசாரணை வைக்கப் போறாங்க?" என்றார் வழியில்.

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். மாற்றியதற்குக் காரணம் ஜும்ஆ அல்ல. அப்போது நாட்டின் நீதி அமைச்சர் நாங்கள் வாக்களித்து வளர்த்த கட்சியின் தலைவர்.

அன்றே பாராளுமன்றம் வாக்களித்தது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணைக்கு ஆதரவாக 155 வாக்குகள், எதிராக 49. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் வாக்குகள் அந்த 155க்குள் இருந்தன. இந்நாட்டின் முதலாவது பெண் பிரதம நீதியரசர் அவர். 13ஆம் திகதி ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ பதவி நீக்கக் கட்டளையில் ஒப்பமிட்டார். 15ஆம் திகதி மொஹான் பீரிஸ் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

இலங்கையின் நீதி அமைச்சர் பதவி அண்மைக் காலத்தில் இரு தடவை முஸ்லிம்களிடம் வந்தது. 2010 நவம்பர் முதல் 2014 டிசம்பர் வரை ரவூப் ஹக்கீம். 2020 ஆகஸ்டில் அலி சப்ரி. இருவரும் சட்டம் கற்றவர்கள். இருவரது காலத்திலும் இச்சமூகம் நீதிக்காகத் தெருவில் நின்றது. இருவரையும் நோக்கி 'விலகு' என்ற குரல் எழுந்தது. அந்தக் குரல் எங்கள் கரையோரத்தில் எப்படி ஒலித்தது, ஏன் பலிக்கவில்லை என்பதை ஒரு வாக்காளனாக எழுதிப் பார்க்கிறேன்.

2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து யானைச் சின்னத்தில் கேட்டது. அரசுக்கு எதிராகத்தான் நாம் புள்ளடி போட்டோம். எட்டு ஆசனங்கள் கிடைத்தன. ஐந்து மாதம் போகவில்லை. செப்டெம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தத்துக்கு அந்த எட்டுப் பேரும் கைகொடுத்தார்கள். ஜனாதிபதி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற தடையை நீக்கிய திருத்தம் அது. நீதிபதிகளையும் ஆணைக்குழுக்களையும் நியமிப்பதில் அரசியலமைப்புப் பேரவைக்கு இருந்த பிடியைத் தளர்த்தி, எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்ததும் அதுவே. நவம்பரில் கட்சி அரசில் இணைந்தது. தலைவர் நீதி அமைச்சரானார். எங்கள் ஊர்களில் வெடி கொளுத்தினார்கள். நானும் பார்த்து மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீதி அமைச்சர் என்றால் நீதியின் சாவி அவரிடம் இருக்கிறது என்று நாம் எண்ணினோம். ஆனால் 2010இல் சட்ட மா அதிபர் திணைக்களம் நீதி அமைச்சிலிருந்து எடுக்கப்பட்டு ஜனாதிபதியின் கீழ் கொண்டுபோகப்பட்டிருந்தது. யார்மீது வழக்குத் தொடுப்பது, எதை வாபஸ் வாங்குவது என்பதெல்லாம் அந்தத் திணைக்களத்தின் வேலை. பொலிஸ் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2013இல் சட்டம் ஒழுங்கு அமைச்சு என்று ஒன்று பிறந்தபோது அதுவும் ஜனாதிபதியிடமே சென்றது. நீதிபதிகளின் இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் பொறுப்பு. மிஞ்சியவை நீதிமன்றக் கட்டடங்கள், மத்தியஸ்த சபைகள், சட்டவரைஞர் திணைக்களம், சிற்றூழியர் நியமனம் போன்றவை. வீட்டுக்காரன் பெட்டகத்தின் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டகத்துக்கு வர்ணம் பூசும் வேலையை மட்டும் விருந்தாளிக்குக் கொடுத்த கதைதான்.

வெறும் பெட்டகம் என்று தெரிந்த பிறகும் அமைச்சரிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று பாராளுமன்றத்தில் அவரது கட்சியின் வாக்கு. மற்றது இராஜினாமாக் கடிதம்.

குற்றப்பிரேரணை வந்த வழியிலும் எங்கள் கிழக்குக்கு ஒரு பங்கு உண்டு. 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் தனித்து நின்று 7 ஆசனங்களை வென்றது. அரச கூட்டணிக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11. ஆட்சி யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் துரும்பு எமது கையில். அது அரசுக்கே போனது. அதே மாதம், மாகாண அதிகாரங்களில் கைவைக்கும் திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் இணக்கம் தேவை என உயர் நீதிமன்றம் கூறியது. ஒக்டோபர் தொடக்கத்தில் கிழக்கு மாகாண சபை அந்த இணக்கத்தை வழங்கியது. அதிகாரம் வேண்டும் என்று வாக்குக் கேட்டுப் போன சபை, ஒரு மாதத்துக்குள் தன் அதிகாரத்தைத் தானே எழுதிக்கொடுத்தது. ஒக்டோபர் 7ஆம் திகதி நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளர் மஞ்சுள திலகரத்ன கல்கிசையில் பட்டப்பகலில் தாக்கப்பட்டார். நவம்பர் முதலாம் திகதி 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் போனது.

குற்றச்சாட்டுகள் 14. விசாரித்த தெரிவுக்குழுவில் அரச தரப்பினர் எழுவர், எதிர்க்கட்சியினர் நால்வர். விசாரணை நீதியாக நடக்கவில்லை என்று கூறி பிரதம நீதியரசர் டிசம்பர் 6ஆம் திகதி வெளிநடப்புச் செய்தார், எதிர்க்கட்சியினரும் விலகினர். எஞ்சிய எழுவரும் இரண்டொரு நாளில் மூன்று குற்றங்கள் நிரூபணமாயின என அறிக்கை கொடுத்தார்கள். ஒரு நீதிபதியைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் அத்தகைய குழுவுக்கு இல்லை என 2013 ஜனவரி முதலாம் திகதி உயர் நீதிமன்றம் வியாக்கியானம் செய்தது. ஜனவரி 7ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் வாக்கெடுப்பு. நீதி அமைச்சரின் கட்சிக்கு யோசிக்க நாள் இருந்தது. பிடித்துக்கொள்ளத் தீர்ப்பும் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு 1973ஆம் ஆண்டு அமெரிக்கா ஞாபகம் வரும். வாட்டர்கேட் ஊழலை விசாரித்த விசேட வழக்குத்தொடுநரை வேலையிலிருந்து நீக்குமாறு ஜனாதிபதி நிக்ஸன் தனது சட்ட மா அதிபர் எலியட் ரிச்சர்ட்ஸனுக்குப் பணித்தார். ரிச்சர்ட்ஸன் அதைச் செய்யாமல் பதவியைத் துறந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஷவுஸும் மறுத்துப் போனார். மூன்றாமவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். எல்லாம் ஒக்டோபர் 20ஆம் திகதி, ஒரே சனிக்கிழமை இரவில். காரியம் நடந்துதான் முடிந்தது. ஆனால் பத்து மாதத்தில் நிக்ஸனே பதவி விலக நேர்ந்தது. அயலில் இந்தியாவிலும், எமது வாக்கெடுப்பு நடந்த அதே 2013இல், நிலக்கரி ஒதுக்கீட்டு ஊழல் குறித்த சி.பி.ஐ. அறிக்கையில் கைவைத்த விவகாரத்தால் சட்ட அமைச்சர் அஸ்வினி குமார் மே 10ஆம் திகதி விலகினார். அவர் மனமுவந்து போகவில்லை, எதிர்க்கட்சியும் ஊடகங்களும் உயர் நீதிமன்றமும் நெருக்கியதால் போனார். நெருக்குவதற்கு அங்கே ஆள் இருந்தது. எமது ஊரில் நெருக்க வேண்டியவர்கள் யார்? நாம்தான். நான் முச்சக்கர வண்டியில் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பதினேழு மாதம் கழித்து எமது வாயும் திறந்தது. 2014 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. அளுத்கமையில் பொதுபல சேனாவின் கூட்டம் முடிந்த கையோடு அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஊரடங்கு உத்தரவு இருக்கும்போதே எரிந்தன. உயிர்கள் போயின, எண்பது பேரளவில் காயப்பட்டனர். ஜனாதிபதி பொலிவியாவில் மாநாட்டில் இருந்தார். அந்த வாரம் எங்கள் கடைத்தெரு மூடிக் கிடந்தது. அரைக் கதவு திறந்திருந்த ஒரு தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் கூடியிருந்தோம்.

"நீதி அமைச்சர் நம்மட ஆள். நீதிதான் இல்ல" என்றான் ஓர் இளைஞன்.

"அவர் வெளிய வந்தா ஆரு தம்பி உள்ள போய்ப் பேசுற?" என்றார் வயதான மீன் வியாபாரி.

"உள்ள இருந்து என்னத்தப் பேசினாரு மாமா? நேத்து ராவு போன் எடுத்தா பொலிஸ் கேட்டிச்சா?"

மாமாவிடம் பதில் இல்லை. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஹக்கீம் அங்கு போனார், பேசினார், வேதனைப்பட்டார், அதை மறுப்பதற்கில்லை. ஆளும் தரப்பின் கடும்போக்காளர்களும் அவரை விலகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது விசித்திரமான உண்மை. அவர் விலகினால் அக்கதிரைக்கு இன்னொரு முஸ்லிம் கட்சி ஓடிவரும் என்ற அச்சமும் பொய்யல்ல. அக்கரைப்பற்றில் அதாவுல்லாஹ், வன்னியில் ரிஷாத் பதியுதீன் என அரசுக்குள் அப்போதே வேறு முஸ்லிம் அமைச்சர்கள் இருந்தனர். சமூகம் ஒன்று, வாசல் மூன்று. ஒரு வாசல் மூடினால் மற்ற இரண்டிலும் சனம் கூடும்.

அந்தச் சனத்தில் நானும் ஒருவன். அளுத்கமைக்கு ஒரு வருடம் முன்பு, மருமகனின் ஆசிரிய இடமாற்றத்துக்காகக் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் கடிதத்தோடு இரண்டு மணிநேரம் குந்தியிருந்தேன். என்னைப் போல் முப்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. அந்த விறாந்தையில் இருந்தவன் மறு வருடம் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு 'இராஜினாமாச் செய்' என்று சொன்னால் அச்சொல்லுக்கு எவ்வளவு நிறை இருக்கும்?

இராஜினாமா என்ற சொல்லுக்கு இக்கரையோரத்தில் ஒரு காலம் நிறை இருந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் சட்டத்தரணி, சட்ட மா அதிபர் திணைக்களத்தில் பணியாற்றியவர். அமைச்சுப் பதவி எதுவும் இல்லாத 1988இலேயே, விகிதாசாரத் தேர்தலில் 12.5 வீதமாக இருந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைக்கப் பிரேமதாசவோடு பேசி முடித்தவர். ஒரு சிறுபான்மைக் கட்சி உயிர்வாழ்வதற்கான கதவை ஓர் எண்ணைக் குறைத்துத் திறந்தார். 1994 மார்ச் உள்ளூராட்சித் தேர்தலில், அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் பெரும்பான்மைச் சபைகள் அனைத்தையும் வெல்லாவிட்டால் பாராளுமன்ற ஆசனத்தைத் துறப்பேன் என்று மேடையில் சொன்னார். ஒரு சபை தவறியது. துறந்தார். அது வீம்பு, தேவையற்ற சூதாட்டம் என்று அன்று சொன்னவர்களில் நானும் உண்டு. ஆறு மாதத்துக்குள் மீண்டும் வென்று அமைச்சராக வந்தார். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மௌத்தான பின்னர், வெல்வதையும் பேரம் பேசுவதையும் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். துறப்பதை மட்டும் பாடத்திலிருந்து வெட்டிவிட்டார்கள்.

ஹக்கீம் 2014 டிசம்பர் 28ஆம் திகதி நீதி அமைச்சைத் துறந்து மைத்திரிபால சிறிசேனவை ஆதரித்தார். தேர்தலுக்குப் பதினொரு நாள் இருந்தது. அரச ஊழியர்களின் தபால் வாக்குகள் பெரும்பாலும் போடப்பட்டுவிட்டன. கிழக்கின் முஸ்லிம் கிராமங்கள் அதற்கு வெகு முன்பே முடிவெடுத்திருந்தன. தலைவர் சனத்தைத் தேடி ஓடிவந்த அந்தக் காட்சியை எங்கள் வாழ்நாளில் அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. 2015 ஜனவரி 28ஆம் திகதி ஷிராணி பண்டாரநாயக்க மீண்டும் தன் ஆசனத்துக்கு வந்து, மறுநாளே கௌரவமாக ஓய்வு பெற்றார்.

அடுத்த அரசின் நீதி அமைச்சர் விஜயதாச ராஜபக்ஷவையும் விலகச் சொன்னார்கள். அவர் விலகாமல் 2017 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். 2019 ஜூன் 3ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் எழுந்த நெருக்குதலில், அரசிலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் ஒன்றாகப் பதவி விலகினர். அதைச் சமூகம் மெச்சியது. ஆனால் அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராகக் கதிரைக்குத் திரும்பினர்.

அலி சப்ரி வேறு வகை. தேசியப் பட்டியலில் வந்தவர், கோட்டாபய ராஜபக்ஷவின் சட்டத்தரணி. எம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவரல்லர். அவர் பதவியேற்கும்போதே 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களைத் தகனம் செய்யக் கட்டளையிட்டிருந்தது. ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தத்தை நீதி அமைச்சராக அவர் நிறைவேற்றிக் கொடுத்தார். 156 வாக்குகள். அதில் முஸ்லிம் காங்கிரஸின் நால்வர், எங்கள் கல்முனைப் பிரதிநிதி உட்பட. இம்முறை தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். ஜனாஸாவை அடக்க வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் கைதூக்கினோம் என்பது ஊரில் சொல்லப்பட்ட காரணம். டிசம்பரில் இருபது நாள் பாலகன் ஒருவனைப் பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். பொரளை மயானத்து வாயிலில் கபன் துண்டுகள் கட்டப்பட்டன. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குப் போன பேரணி எங்கள் ஊரைக் கடந்தபோது தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நடந்ததைக் கண்டேன். கடைசியாக எப்போது அப்படி நடந்தோம் என்று நினைவில்லை. அமைச்சரவையில் பேசினேன் என்றார் அலி சப்ரி. பேசியிருப்பார். அதே ஆண்டு ஒக்டோபரில், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்று ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளிவந்த ஞானசார தேரரின் தலைமையில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணி அமைக்கப்பட்டது. சட்டம் பற்றிய அச்செயலணி குறித்து நீதி அமைச்சரிடம் எவரும் கலந்தாலோசிக்கவில்லை. அப்போதும் அவர் கதிரையில் இருந்தார்.

2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அப்போது அலி சப்ரி வெளிவிவகார அமைச்சர். அந்தச் செய்தியைப் பக்கத்து வளவுக்காரர்தான் வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னார். எங்கள் வழக்கை 2016இலேயே சமாதானமாக முடித்துக்கொண்டோம். ஒரு முழம் அவர் விட்டார், ஒரு முழம் நான் விட்டேன். அவரது மச்சினன் ஒருவர் தகனம் செய்யப்பட்டவர்களில் சேர்ந்தவர்.

"மன்னிப்பு ஆருக்கிட்ட கேக்காங்க காக்கா?" என்றார்.

இம்முறை பேச்சை மாற்றுவதற்கு எனக்கு ஜும்ஆவும் இல்லை. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ.