புத்தளத்து உப்பும் அதில் ஏறிய அயடினும்

புத்தளம் களப்பைக் கடலோடு சேர்க்கும் அகன்ற வாய் வடக்கே கற்பிட்டிப் பக்கம் அமைந்திருப்பதாலும், மழை குறைந்த மாதங்களில் ஆற்றுநீர் வரத்து அருகிவிடுவதாலும், அதன் தென்பகுதி நீர் கோடையில் கடல்நீரைவிட உவர்ப்பேறிவிடுகிறது. உப்பளத்தாரின் வேலையில் ஒரு பங்கை வெயிலே முன்கூட்டிச் செய்துவைக்கும் இவ்வியல்புதான் இக்கரையை இலங்கையின் பழைய உப்பு நிலங்களுள் ஒன்றாக்கியது. பாத்தியில் நீர் வற்றும்போது ஜிப்சம் முன்னதாக அடியில் படியும். அடுத்துச் சோற்றுப்பு விளையும். அதற்கு மேலும் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும் என்பதால், எஞ்சிய நீரை உரிய வேளையில் வடித்துவிடுவதே இத்தொழிலின் நுட்பம்.

மலைநாட்டுக் கண்டியரசுக்கு உப்பு கரையிலிருந்தே செல்லவேண்டியிருந்தது. 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்த ஒல்லாந்தர் களப்பின் போக்குவரத்தைத் தம் கண்காணிப்பில் வைத்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கரை முழுவதையும் பெற்றபோதும், கண்டிக் குடிகள் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையை அவர்களால் மறுக்க முடியவில்லை. பின்வந்த ஆங்கிலேயர் உப்பைத் தனியுரிமையாக்கி, அதன் விலைக்குள்ளேயே வரியையும் அடக்கினர். எந்த வீடும் உப்பின்றி உலை வைக்காது, அதுவோ சில இடங்களில் மட்டுமே விளைகிறது என்ற இரண்டையும் அரசுகள் நன்கறிந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் பொதுச் சுகாதாரத் துறை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அயடின் குறைவால் கழுத்தின் முன்புறத்துத் தைரொயிட் சுரப்பி வீங்கும் கண்டக்கழலை, மழை மண்ணின் அயடினைக் கரைத்துச் செல்லும் தென்மேற்கு ஈரவலயத்தில் மிகுந்திருந்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடின் 150 மைக்ரோகிராம் மட்டுமே. கடலில் பிறந்தாலும் உப்பில் அது இயற்கையாக மிகச் சொற்பமே தங்குகிறது என்பதால் வெளியிலிருந்து சேர்க்கவேண்டியதாயிற்று. சுவிற்சர்லாந்தில் 1922இலேயே தொடங்கிய இம்முறை இலங்கையில் 1995 முதல் சட்டமாயிற்று. அயடின் சேராத உப்பை உணவுக்கென விற்பது தடுக்கப்பட்டது. ஆனையிறவு உப்பளம் 1990இல் போரினால் மூடப்பட்டிருந்தமையால், அப்போது நாட்டின் தேவை பெரும்பாலும் அம்பாந்தோட்டையையும் புத்தளத்தையும் சார்ந்திருந்தது.

ஈரம் மிகுந்த காற்றிலும் எளிதில் சிதையாத பொற்றாசியம் அயடேற்றுக் கரைசலே உப்பின்மீது தெளிக்கப்படுகிறது. ஆயினும் கல்லுப்பை மண் போகக் கழுவி, சட்டியில் நீரூற்றிக் கரைத்து வைத்துப் புழங்கும் வீட்டுவழக்கம், சேர்த்ததில் ஒரு பகுதியை அலசி வெளியேற்றியது. தூய்மைக்கென்று பழகிய கையே மருந்தைக் கொட்டியது எனலாம். பள்ளிச் சிறார்களிடையே 2000–2001இலும் 20.9 விழுக்காடாக இருந்த கழலை 2010இல் 4.4 விழுக்காடாகக் குறைந்தது. ஒருமுறை பருத்த சுரப்பி அயடின் கிடைத்த உடனேயே சுருங்கிவிடுவதில்லை என்பதால், சட்டம் வந்து சில ஆண்டுகள் கழிந்தும் முதற்கணக்கு அவ்வளவு உயர்ந்திருந்ததில் வியப்பில்லை.