மறைந்திருக்க வேண்டிய புள்ளி

ஒரு போஸ்டருக்குப் பழைய காலத்துத் தோற்றம் வேணும் எண்டா எங்களில் பலர் செய்வது ஒரே வேலைதான். ஃபோட்டோஷொப்பில் கலர் ஹாஃப்டோன் ஃபில்டரைத் திறப்போம். புள்ளியின் ஆகக்கூடிய ஆரம் 8 பிக்சல், கோணங்கள் 108, 162, 90, 45 எண்டு ஒரு பெட்டி வரும். அந்த எண்கள் என்னத்துக்கு எண்டு யோசிக்காமலே ஓகேயை அழுத்துவோம். படம் முழுக்கப் புள்ளி விழும். வேலை முடிஞ்சுது.

இந்தப் புள்ளி பிறந்தது அழகுக்காக இல்லை. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது: மை படும், இல்லாட்டிப் படாது. புகைப்படமோ பெரும்பாலும் சாம்பல். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பத்திரிகைகள், புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் மரக்கட்டையில் செதுக்கியதைத்தான் அச்சிட்டன. வாசகர் பார்த்தது செதுக்கியவரின் கைவேலையை. படத்தைச் சின்னதும் பெரிசுமான புள்ளிகளாக உடைத்தால், கண் அவற்றைச் சேர்த்துச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும். 1852இல் இங்கிலாந்தின் டல்போட் மெல்லிய துணியை இடையில் வைத்து இதற்கு முயன்றார். 1880 மார்ச் 4 அன்று நியூயோர்க்கின் டெய்லி கிராஃபிக், ஒரு குடிசைப் பகுதியின் புகைப்படத்தை ஹாஃப்டோனில் அச்சிட்டது. பிறகு ஜெர்மனியில் மைசன்பாக், அமெரிக்காவில் ஐவ்ஸ், லெவி. வழமையாகச் சொல்லப்படும் வரலாறு இவர்களோடு நின்றுவிடும்.

எங்களுக்குப் பிடித்த ஆள் கல்கத்தாவில் இருந்தார். உபேந்திரகிஷோர் ராய். சத்யஜித் ராயின் தாத்தா எண்டாத்தான் பலருக்குத் தெரியும். சிறுவருக்காக அவர் எழுதிய ராமாயணத்துக்குத் தானே வரைந்த படங்கள், மரக்கட்டை அச்சில் கெட்டுப்போயின. மனுசன் விடேல்லை. லண்டனில் இருந்து புத்தகங்களையும் கருவிகளையும் வரவழைத்து வீட்டிலேயே படிக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்துத் திரை, நெருக்கமாகக் கோடு கீறிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்காக ஒட்டியது. கமராவுக்குள் பிளேட்டுக்குச் சற்று முன்னால் அதை வைக்கவேண்டும். எவ்வளவு முன்னால்? அது கொஞ்சம் பிசகினாலும் புள்ளி பாழ். பலர் கண்மதிப்பில் சரிப்படுத்திய இந்த இடைவெளியை ராய் ஒளியியல் கணக்காக எடுத்தார். 1897 முதல் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் இதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். கோடுகள் செங்கோணத்தில் வெட்டாமல் 60 பாகையில் வெட்டினால் என்ன எண்டும் ஆராய்ந்தார். இங்கிலாந்துக்கு அவர் போனதே இல்லை. 1911இல் மகன் சுகுமார்தான் அச்சுக்கலை படிக்கப் போனார். கருவியை விற்ற ஊருக்கே, அதைப் பாவிக்கும் விதத்தை எழுதி அனுப்பியிருக்கிறார் மனுசன்! நாங்கள் பார்த்த ஒரு யூரியூப் பாடத்திலும் இந்தப் பெயர் வரேல்லை.

அந்தப் பாடங்களில் வாறது லிக்டென்ஸ்டைன். அவருடைய ஓவியப் புள்ளிகளையும் ஹாஃப்டோன் எண்டு சொல்லுவினம். அவை பென்-டே புள்ளிகள், எல்லாம் ஒரே அளவு. ஹாஃப்டோனில் புள்ளியின் அளவு மாறினால்தான் படமே வரும். ஆனாலும் ராய் போன்றவர்கள் கண்ணுக்குப் படாமல் ஒளிக்கப் பாடுபட்ட புள்ளியைப் பெரிசாக்கிக் காட்டும் ஆசை, 1960களின் அந்த ஓவியங்களில் இருந்துதான் எங்களுக்குத் தொற்றியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியின் எண்களுக்கு வருவோம். நான்கு மைகளின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் நான்கு கோணங்கள். நம்பாட்டி 45, 50, 55, 60 எண்டு மாத்திப் பாருங்கோ. படத்துக்கு மேலே அலையலையாக ஒரு கோலம் எழும்பும். அதுக்குப் பேர் மொய்ரே. அச்சகக்காரர் இண்டைக்கும் அதுக்குப் பயம்.