சாலையின் அகலமும் எல்லைக் கோடும்

டில்லியிலிருந்து பானிப்பட்டு, கர்னால் வழியாக வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் பிரயாணம் செய்த தமிழன்பர்கள், ஆங்காங்கே பருத்துயர்ந்து நிற்கும் பழைய தூண்களைக் கண்டிருப்பர். டில்லி மிருகக்காட்சிசாலைக்குள்ளும் அத்தகையதொன்று உண்டு. கோஸ் மினார் என்பது அவற்றின் பெயர். ஷேர் ஷா (1540–1545) சீர்படுத்திய பாதையை ஒட்டிப் பெரும்பாலும் முகலாய மன்னர்கள் எழுப்பியவை; கோசுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ இரண்டு மைலுக்கு ஒன்று. வழிப்போக்கன் எவ்வளவு தொலைவு வந்தான் என்பதை இத்தூண்கள் கூறின. சாலை எவ்வளவு அகலம், அதன் விளிம்பு எங்கே, உழவனின் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை அவற்றுள் ஒன்றேனும் கூறவில்லை.

அன்று அவ்வினா பெரிதாக எழுந்திராது. மண்பாதையில் சேறு மிகுந்தால் வண்டி சற்று விலகிச் செல்லும். சாலையும் அதனோடு விலகும். சரளைக்கல் பரப்பிச் செலவு செய்து சாலை போடத் தொடங்கியதும், நிலத்துக்கு வரியும் விலையும் திட்டமாக ஏற்பட்டதும், நிலைமை மாறிற்று. பொதுக் காரியங்களுக்காகத் தனியார் நிலத்தை ஈடு கொடுத்து எடுக்க வங்காளத்தில் 1824-ஆம் ஆண்டு ஒரு விதி பிறந்தது. 1857-இல் அது நாடு தழுவிய சட்டமாகி, 1894-இல் நாம் நெடுங்காலம் அறிந்திருந்த நில ஆர்ஜிதச் சட்டமாக உருக்கொண்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிற்று. எடுக்கும் நிலத்துக்குப் பணம் கொடுப்பதென்றால், எதுவரை எடுக்கிறோம் என்று எழுதியாக வேண்டுமல்லவா? எல்லைக் கோடு அங்கேதான் பிறந்தது.

அக்கோடு இரண்டு இல்லங்களில் வளர்ந்தது. ஒன்று வருவாய்த்துறை. பஞ்சாபில் பட்வாரி கிராமம் முழுவதையும் துணியில் வரைந்து வைத்திருப்பார்; அப்படத்துக்கு ஷஜ்ரா என்று பெயர். அங்கு நிலத்தைக் கரம் என்னும் அளவால் அளப்பர். இடத்துக்கு இடம் கரத்தின் நீளம் மாறும். ஐந்தரை அடிக் கரமாயின், 36 கரத்துக்கு 40 கரம் சரியாக ஓர் ஏக்கர். நம் சென்னை மாகாணத்திலோ ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியே அளவைப்படம் வரைந்தனர். 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைச் சட்டத்தின் கீழ் நட்ட கற்களை ஊர்க் கர்ணமும் உழவரும் ஒருங்கே அறிந்திருந்தனர்.

மற்றோர் இல்லம் பொறியாளருடையது. 1832-இல் கிராவட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அமைத்த மட்டக்கருவி பரவியபின், சாலையின் நடுக்கோட்டுக்குக் குறுக்கே குறிப்பிட்ட தூரத்துக்கொருமுறை தரையின் மேடுபள்ளங்களை அளந்து, கட்டமிட்ட தாளில் வரைவது வழக்கமாயிற்று. இதுவே குறுக்கு வெட்டுப் படம். ரொட்டியை அறுத்து முகப்பைப் பார்ப்பது போன்றது. இப்படத்தில் தரை தெரியும், கரை தெரியும், வாய்க்கால் தெரியும். எல்லை மட்டும் தெரியாது. ஏனெனில் எல்லைக்கு உயரமில்லை. அது மண்ணில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. கிராமப்படத்தில் கோடாக ஓடுவது, குறுக்கே வெட்டியதும் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அப்புள்ளியின் மீது செங்குத்தாக ஒரு கோடு நிறுத்தி, நடுக்கோட்டிலிருந்து இத்தனை தூரம் என்று பெயரெழுதி வைத்தால்தான் பார்ப்பவருக்குப் புலப்படும்.

எழுதாமல் விட்டால் வருவது என்ன? மேற்பரப்பு 12 மீட்டர் அகலமுள்ள சாலையை 4 மீட்டர் உயர்த்துவதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் சரிவு எனில், பக்கத்துக்கு 8 மீட்டர். அடியில் மொத்தம் 28. சர்க்கார் நிலம் 30 மீட்டராயின் பக்கத்துக்கு ஒரு மீட்டர் மிஞ்சும். கரையை இன்னும் ஒரே மீட்டர் உயர்த்துங்கள். அடி 32 மீட்டராகிவிடும். இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் பிறர் வயலில் மண் விழும். எல்லை எழுதாத படத்தில் இரண்டும் ஒன்று போலவே அழகாகத் தோன்றும்.

1927-இல் அமைந்த ஜெயகர் குழுவின் பயனாகப் பிறந்தவற்றுள் ஒன்று 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேராயம். நாகபுரித் திட்டம் 1943-இல் சாலைகளை வகைப்படுத்திற்று. ஐக்கிய மாகாணம் 1945-இலும் பஞ்சாப் 1963-இலும் சாலையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தன. பேராயம் 1980-இல் வெளியிட்ட விதிகள், சமவெளியில் திறந்த நாட்டுப்புறத்தே தேசிய நெடுஞ்சாலைக்கு 45 மீட்டர் நிலமும், ஊருக்குள் 30 மீட்டரும் இயல்பான அளவென்றன. இந்நிலப் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'ரைட் ஆஃப் வே' என்று பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நம்மை இச்சொல் பலமுறை இடறச் செய்ததுண்டு. 'வழியுரிமை' என்று எழுதினால், அண்டை வீட்டுக்காரர் நம் கொல்லை வழியே நடந்து செல்லும் உரிமையென்று பொருள்பட்டுவிடும். 'சாலை நில அகலம்' என்பதே குழப்பமற்றது.

இன்று இப்படங்களைக் கணிப்பொறி வரைகிறது. நூற்றுக்கணக்கான வெட்டுகளைச் சில நொடிகளில் அடுக்கிவிடும். ஆனால் எல்லையைத் தானாக அது அறியாது. இடப்புற எல்லையையும் வலப்புற எல்லையையும் தனித்தனிக் கோடுகளாகக் கொடுத்து, ஒவ்வொரு வெட்டிலும் அவற்றின் தூரத்தை எழுதுமாறு கட்டளையிட வேண்டும். வளைவிலும் ஊர்ப்புறத்திலும் அத்தூரம் மாறிக்கொண்டே போகும்; ஒரே எண்ணை எல்லாப் படங்களுக்கும் ஒட்டியிருந்தால் ஐயப்படுவது நன்று.

அயல் மாநிலத்தில் மனை வாங்கிய நம்மவர் பலர், ஷஜ்ரா, கஸ்ரா என்ற சொற்களைக் கண்டே மலைத்துப் போகின்றனர். கஸ்ரா என்பது நம்மூர்ப் புல எண் போன்றதே. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ஆம் ஆண்டினது; 1997-இல் அதிற் சேர்த்த விதிகளின்படி, நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பில் புல எண்ணும் பரப்பும் இருக்கும்; கோடு நம் கிணற்றுக்கு இப்புறமா அப்புறமா என்பது விளங்காது. நம் மனைக்கு நேரான குறுக்கு வெட்டைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். அதில் 22.5 மீட்டர் என்றிருந்தால், ஐந்தரை அடிக் கரத்தில் அது பதின்மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. பட்வாரியின் துணிப்படத்தில் அவ்வளவை நடுக்கோட்டிலிருந்து வைத்துப் பார்த்துவிட்டு மனு எழுதலாம்.